மகன் ஆடத் துடிக்கிறான், தலை இன்னும் தெளியவில்லை

கேள்வி: டாக்டர், நாங்கள் ஒஹாயோவில் இருக்கிறோம். எங்கள் மகனுக்கு வயது 18. இந்த ஆகஸ்டில்தான் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் சேர்ந்தான். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், ஸ்காலர்ஷிப் இல்லாமல், வாக்-ஆனாக இடம் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆடுகிறான். இந்த சீசனில் இதுவரை இரண்டு மேட்ச்சில், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்காஃப் நேரத்தில் மட்டும் இறக்கினார்கள். பதினொரு நாளுக்கு முன் பயிற்சியில் இன்னொரு பையனோடு மோதிக் கீழே விழுந்தான். கன்கஷன், அதாவது அடியில் மூளை அதிர்ந்திருக்கிறது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தலைவலி குறைந்துவிட்டது. ஆனால் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, ஒரு பக்கம் படித்தால் அடுத்த பக்கம் போவதற்குள் மறந்துவிடுகிறது என்று என்னிடம் சொல்கிறான். அணியில் காயங்களைக் கவனிக்கும் டிரெய்னரிடம் "சரியாயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறான்! அணி இதுவரை ஆடிய ஏழில் ஆறு ஜெயித்திருக்கிறது. நவம்பர் கடைசியில் பரம்பரை எதிரியோடு மேட்ச். அதில் எப்படியாவது ஆட வேண்டும் என்று நிற்கிறான். நான் யாரிடமாவது பேசினால் தன் பெயர் கெட்டுவிடும் என்கிறான். அவன் அப்பா, "அவனே பார்த்துப்பான், வளர்ந்த பையன்" என்கிறார். ஊரில் என் அம்மா, வல்லாரை லேகியம் அனுப்புகிறேன், அந்த விளையாட்டே வேண்டாம் என்று அழுகிறார். நான் கோச்சுக்கு போன் செய்து நிறுத்தச் சொல்லலாமா? வீட்டுக்கு அழைத்துவந்து இருட்டறையில் படுக்க வைக்கலாமா? அடியோடு விட்டுவிடச் சொல்வதுதான் நல்லதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது தலைவலியோ வெளிச்சமோ அல்ல. அவை எதிர்பார்த்ததுதான், பெரும்பாலும் தீர்ந்துவிடும். உங்களிடம் ஒன்று சொல்லி டிரெய்னரிடம் வேறொன்று சொல்கிறான் பாருங்கள், அதுதான் இந்த வாரமே சரிசெய்ய வேண்டியது. கன்கஷனைக் காட்டித் தருகிற ரத்தப் பரிசோதனை எதையும் இன்று நம்பி முடிவெடுக்க முடியாது. சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலானோருக்கு இயல்பாகவே வரும். அடிபட்டவன் வாய் திறந்து சொல்வதை வைத்துத்தான் மருத்துவரும் டிரெய்னரும் பாதி முடிவை எடுக்கிறார்கள். அந்தப் பாதி இப்போது பொய்யாக இருக்கிறது.

தம்பி கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவன் நிலையில் இருக்கும் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள் என்று அருகிலிருந்து பார்ப்பவன் நான். முன்பு பெரிய கல்லூரி அணிகளில் 120 பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப், மற்றவர்கள் வாக்-ஆன். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கு ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பு வந்துவிட்டது. அந்த வரம்பின் அடி முதலில் விழுவது வாக்-ஆன் பிள்ளைகள் மேல்தான். மூன்று வாரம் உட்கார்ந்தால் நம் இடம் போய்விடும் என்று பயப்படுகிறான். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைத் திட்டித் தீர்க்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். அந்தக் கணக்கு அவனுக்குச் சாதகமாகவே இருக்கிறது.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி ஒரு மாணவருக்குக் களத்தில் நான்கு சீசன். அவற்றை ஐந்து ஆண்டுக்குள் ஆடி முடிக்க வேண்டும். மிச்சமிருக்கும் அந்த ஓர் ஆண்டைத்தான் ரெட்ஷர்ட் என்கிறார்கள். 2018 முதல், ஒரு சீசனில் நான்கு மேட்ச் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் ஏறாது. தம்பி இதுவரை ஆடியது இரண்டு. அக்டோபர் முழுக்க, நவம்பரில் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு, கடைசியில் அந்தப் பரம்பரை எதிரியோடு மட்டும் இறங்கினால் அது மூன்றாவது. அப்போதும் இந்த ஆண்டு அவனுக்குச் சேதாரமில்லை. அந்த மேட்ச்சிலும் இறங்காவிட்டால் நான்கு சீசனும் அப்படியே கையில் இருக்கும். அவசரப்பட்டு அடுத்த வாரமே திரும்பி, சீசன் முடிவதற்குள் ஐந்து மேட்ச்சைத் தொட்டுவிட்டால்தான் ஓர் ஆண்டு கரையும். அதுவும் எதற்காக? சில கிக்காஃப்களுக்காக. அவன் சீசன் விதிகளை என்னைவிட நன்றாக அறிந்திருப்பான். ஆனால் பயத்தில் இருக்கும் பதினெட்டு வயதுக்காரன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டான். காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லி உங்கள் கணவரிடம் கொடுங்கள். இந்த வேலைக்கு அவர்தான் பொருத்தம்.

அவனிடம் சொல்ல இன்னொரு கணக்கும் இருக்கிறது. பதின்பருவ விளையாட்டு வீரர்களை வைத்து 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அடிபட்டவுடன் ஆட்டத்தை நிறுத்தியவர்கள் சராசரியாக 22 நாளில் தேறினார்கள். அடிபட்ட பின்னும் சமாளித்து ஆடியவர்களுக்கு 44 நாள் ஆனது. சின்ன ஆய்வுதான், ஆனால் நாங்கள் கிளினிக்கில் பார்ப்பதும் இதுவே. மறைத்து ஆடினால் சீசன் மிச்சமாகாது, இன்னும் சுருங்கும். அதோடு, கன்கஷனுக்குப் பிறகு வரும் மாதங்களில் முழங்கால், கணுக்கால் காயங்களும் கூடுவதை பல ஆய்வுகள் காட்டுகின்றன. தலை தெளிந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றினாலும், எதிரில் ஓடி வருபவனைப் பார்த்துக் கால் திரும்பும் வேகம் இன்னும் பழையபடி வந்திருக்காது. அரிதாக, முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்து மூளை சட்டென வீங்கி உயிர்போன நிகழ்வுகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் இளம் வயதினருக்குத்தான். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அறிகுறி முழுக்கப் போகும்வரை மோதல் கூடாது என்று நாங்கள் ஏன் ஒற்றைக்காலில் நிற்கிறோம் என்பது தம்பிக்கும் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

இப்போது கோச் விஷயம். கோச்சுக்கு போன் செய்யாதீர்கள். அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அது அவர் முடிவே அல்ல என்பதால். யார் களத்துக்குத் திரும்பலாம் என்பதில் அணியின் மருத்துவருக்கும் அத்லெடிக் டிரெய்னருக்கும்தான் இறுதி அதிகாரம், கோச் அதில் தலையிட முடியாது என்று என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டமான முதல் டிவிஷன் கல்லூரிகளுக்கு விதியே இருக்கிறது. அந்த விதி சும்மா வரவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று மிச்சிகன் அணி மினசோட்டாவோடு ஆடியபோது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஷேன் மோரிஸ் பலமான அடிக்குப் பிறகு தள்ளாடிச் சக வீரர்மேல் சாய்ந்தார். அரங்கம் முழுக்கப் பார்த்தது. அவர் உடனே வெளியே எடுக்கப்படவில்லை. பின்னால் மறுபடியும் களத்தில் இறக்கப்பட்டார். அது லேசான கன்கஷனாக இருக்கக்கூடும் என்று பல்கலைக்கழகமே பிறகு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டிலிருந்து மிச்சிகன் சேர்ந்த பிக் டென் கூட்டமைப்பின் போட்டிகளில், மேலே வீடியோவைத் திருப்பிப் பார்க்கும் ரீப்ளே அறையில் இருந்தபடி அடிபட்டவர்களைக் கவனிக்கவென்றே தனியாக ஒரு டிரெய்னரை உட்கார வைத்தார்கள். மேட்ச் நாளில் உங்கள் மகனை இப்போது அத்தனை கண்கள் பார்க்கின்றன. பயிற்சி நாளில் அவ்வளவு இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெற்றோர்கள் சனிக்கிழமை மேட்ச்சைப் பார்த்துத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறு கல்லூரி அணிகளை 2015 முதல் 2019 வரை தொடர்ந்து கவனித்து 2021இல் வெளிவந்த ஆய்வில், கன்கஷன்களில் 72 சதவீதம் பயிற்சியில் ஏற்பட்டவை. சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் முகாம், மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் கன்கஷன்களில் ஏறத்தாழ பாதி அந்த முகாமில் நடந்தது. இடம் பிடிக்கப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளும் காலம் அது. உங்கள் மகனுக்கு அடிபட்டதும் செவ்வாயோ புதனோ நடந்த பயிற்சியில்தான். ஆகவே "மேட்ச்சில் இறக்க மாட்டார்கள், பயிற்சியில் மட்டும் நிற்கிறேன்" என்று அவன் சொன்னால் அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேச வேண்டியது தலைமை அத்லெடிக் டிரெய்னரிடம். ஒரு சட்டச் சிக்கல் உண்டு: தம்பிக்கு 18 ஆகிவிட்டதால், அவன் கையெழுத்துப் போட்டு அனுமதி தராமல் அவன் உடல்நிலை பற்றி டிரெய்னரோ மருத்துவரோ உங்களிடம் பொதுவாகப் பேச மாட்டார்கள். அதனால் பலர் போனை வைத்துவிட்டு, நம்மை மதிக்கவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. "வெளிச்சம் கூசுகிறது என்கிறான், படித்தது மனதில் நிற்கவில்லை என்கிறான், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்" என்று சொன்னால் போதும். நல்ல டிரெய்னர் அதைக் குறித்துக்கொள்வார். உங்கள் பெயரை இழுக்காமலே மறுபடி பரிசோதிப்பார். சீசன் தொடங்கும் முன் ஞாபகம், கவனம், சமநிலை எல்லாவற்றையும் அளந்து வைத்திருப்பார்கள். அந்தப் பழைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிட்டுப் பார்ப்பார்.

ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் பேசாதீர்கள் என்பதே என் கருத்து. முதலில் அவனிடம் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமைக்குள் நீயே போய்ச் சொல். சொல்லாவிட்டால் நான் சொல்வேன்." முடிந்தால் அந்த அனுமதிப் படிவத்திலும் கையெழுத்து வாங்குங்கள். அவன் கோபப்படலாம், இரண்டு நாள் போன் எடுக்காமல் இருக்கலாம். அது பரவாயில்லை. மறைவாகப் பேசி அது பின்னால் தெரிந்தால், அடுத்த முறை வலி வரும்போது உங்களிடமும் சொல்ல மாட்டான். இன்றைக்கு அவன் உண்மை பேசுகிற ஒரே ஆள் நீங்கள்தான். அதை இழக்க வேண்டாம்.

இருட்டறை வேண்டாம். முன்பு நாங்களே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தோம்: திரை அடை, போனைப் பிடுங்கு, படுக்க வை. இப்போது அந்த வழக்கம் மாறிவிட்டது. விளையாட்டுக் கன்கஷன் பற்றி உலக நிபுணர்கள் 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, அடுத்த ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகள்தான் இன்று எங்களுக்கு வழிகாட்டி. முதல் ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வு, போன் கணினித் திரையைக் குறைப்பது, அதற்குப் பிறகு நடக்க விடுவது. லேசான நடையும் சைக்கிளும் குணமாவதை வேகப்படுத்துகின்றன. நாள் கணக்கில் இருட்டில் கிடத்தினால் தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, அறிகுறிகள் நீள்கின்றன. உங்கள் மகனுக்குப் பதினொரு நாள் ஆகிவிட்டது. அவன் இப்போது தினமும் வெளியே நடக்க வேண்டும். நடக்கும்போது தலைவலி கொஞ்சம் கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. அதிகம் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் குறைவாக நடக்கட்டும். இரவு எழுப்பி எழுப்பிப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். பரிசோதனை முடிந்த பிறகு நன்றாகத் தூங்குவதுதான் மருந்து. வெளிச்சம் கூசினால் வெயிலில் கண்ணாடி போடலாம். அறைக்குள் கறுப்புக் கண்ணாடி வேண்டாம், கண் அதற்குப் பழகிவிடும்.

களத்துக்குத் திரும்பும் வழி படிப்படியானது. நடை, அப்புறம் இதயத் துடிப்பு ஏறும் அளவுக்கு ஓட்டம், அப்புறம் தனியாக ஆட்டப் பயிற்சி, பிறகு மற்றவர்களோடு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு மோதலோடு முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்யும் கட்டத்துக்கு ஏற வேண்டுமானால் அறிகுறி எதுவும் இருக்கக் கூடாது, மருத்துவர் அனுமதியும் வேண்டும். வெளிச்சம் கூசும்வரை உங்கள் மகன் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் மூன்று நான்கு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நவம்பர் கடைசி மேட்ச் அவனுக்கு எட்டாத தூரம் அல்ல. நான்கு வாரம் தாண்டியும் அறிகுறி நின்றால் அணி மருத்துவர் மட்டும் போதாது. கன்கஷனுக்கென்றே உள்ள சிறப்பு கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கழுத்துத் தசை, கண் அசைவு, காதின் சமநிலை என்று காரணம் வேறாக இருக்கக்கூடும். அவற்றுக்குத் தனித்தனி பிசியோதெரபி உண்டு.

ஆனால் களத்துக்கு முன் வகுப்பறை. இதை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். படித்த பக்கம் நினைவில் நிற்காத ஒருவன் கால்குலஸ் மிட்டேர்ம் எழுதிக்கொண்டிருக்கிறான்! வகுப்புக்கு முழுதாகத் திரும்பிய பிறகுதான் முழு ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்காகப் பல்கலைக்கழகங்களில் ஏற்பாடு இருக்கிறது. மருத்துவர் கடிதம் கொடுத்தால் தேர்வைத் தள்ளி வைப்பார்கள், நேரம் கூட்டித் தருவார்கள், வகுப்புக் குறிப்புகளை வாங்கித் தருவார்கள். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்பது என்.சி.ஏ.ஏ. விதி. ஆனால் பெரிய அணி மாணவர்களைக் கேட்டால், வீடியோ பார்ப்பது, சிகிச்சை, பயணம் எல்லாம் சேர்த்து 40 மணி நேரத்துக்கு மேல் ஃபுட்பாலுக்கே போகிறது என்கிறார்கள். இப்போது அவன் ஆடவில்லை. அந்த மணி நேரங்களில் கொஞ்சமாவது தூக்கத்துக்கும் படிப்புக்கும் திரும்ப வர வேண்டும். சைடுலைனில் நின்று தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கவென்று நான்கு மணி நேரம் வெயிலிலும் சத்தத்திலும் அவனை நிறுத்தினால், அதையும் டிரெய்னரிடம் சொல்லலாம்.

அம்மா அனுப்பும் லேகியம். அன்பு புரிகிறது, ஆனால் வேண்டாம். லேபிள் இல்லாத எந்த மருந்தும் என்.சி.ஏ.ஏ. மருந்துப் பரிசோதனையில் சிக்கலாகலாம். அப்படிச் சிக்கினால் ஓர் ஆண்டே போய்விடும். சில தயாரிப்புகளில் ஈயம் போன்ற உலோகங்கள் கண்டறியப்பட்டிருப்பதும் உண்மை. கன்கஷனை ஆற்றும் மாத்திரை எந்த மருத்துவ முறையிலும் நிரூபிக்கப்படவில்லை. தலைவலிக்கு டைலனால் (பாராசிட்டமால்) எப்போதாவது போதும். தினமும் விழுங்கினால் மாத்திரையாலேயே தலைவலி வரும். பரிசோதனைக்குப் போகும் முன் மாத்திரை போட்டு வலியை அமுக்கிக்கொண்டு போகக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எப்போது ஒன்றையும் யோசிக்காமல் அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டும்: தலைவலி நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், கை காலில் ஒரு பக்கம் பலம் குறைந்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் கிடந்தால். அவன் அறைத்தோழனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், அந்தப் பையன் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறான்.

அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது தான் மட்டும் இல்லையே என்ற ஏக்கம் தம்பிக்கு இருக்கும். அதற்கு மருந்து கிடையாது. ஆனால் உங்கள் மாநிலத்திலேயே நடந்ததை அவனுக்கு நினைவூட்டலாம். 2024 சீசனில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஆகஸ்ட் 31 அன்று ஆக்ரனோடு தொடங்கி, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34-23 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. மொத்தம் 16 மேட்ச். சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று 12 அணிகளாக விரிந்த முதல் ஆண்டு அது. அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் பெரிய கல்லூரி அணிகள் இத்தனை மேட்ச் ஆடியதில்லை. அந்த நீளத்தை அவர்கள் தாங்கியது, அடிபட்டவர்களைச் சீக்கிரம் இழுத்து வந்ததால் அல்ல. அக்டோபரில் ஆரிகன் மேட்ச்சில் லெஃப்ட் டேக்கிள் என்ற தடுப்பாளர் இடத்தில் ஆடிய ஜாஷ் சிம்மன்ஸுக்கு முழங்கால் போய் சீசனே முடிந்தது. நவம்பரில் சென்டர் என்ற நடுத் தடுப்பாளர் சேத் மெக்லாக்லினுக்கு குதிகால் தசைநாண் அறுந்தது. கார்டு என்ற இன்னொரு தடுப்பாளர் இடத்தில் ஆடிய டானவன் ஜாக்சனை சிம்மன்ஸின் இடத்துக்கு நகர்த்தினார்கள். பந்தைத் தூக்கி ஓடும் வேலையை ட்ரெவியன் ஹென்டர்சனும் க்வின்ஷான் ஜட்கின்ஸும் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் உடம்பே முழுப் பாரத்தையும் சுமக்கவில்லை. இருவருமே ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்கள். நவம்பர் 30 அன்று சொந்த மண்ணிலேயே மிச்சிகனிடம் 13-10 என்று தோற்று, எல்லாம் முடிந்தது என்று ஊரே அழுத பிறகு வந்த கோப்பை அது. பரம்பரை எதிரியோடு ஒரு மேட்ச் போனால் உலகம் முடிந்துவிடாது என்பதை ஒஹாயோக்காரனுக்கு வேறு யார் சொல்ல முடியும்?

கடைசிக் கேள்வி, அடியோடு விட்டுவிடலாமா என்பது. இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஒரே ஒரு கன்கஷன், அது முழுதாக ஆறிவிட்டது என்றால், அதை மட்டும் வைத்து ஃபுட்பாலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் நீண்டகால ஆபத்து கன்கஷன் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அறிகுறியே தராத சின்னச் சின்ன முட்டல்கள் ஆண்டுக்கணக்கில் சேருவதுதான் அதைவிடப் பெரிய கவலை. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்தபின் தானமாக வந்த மூளைகளைப் பரிசோதித்தபோது, கல்லூரி வரை ஆடிய 53 பேரில் 48 பேருக்கு சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது. இதை அப்படியே உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே தொல்லை இருந்தவர்களின் குடும்பங்கள்தான் அதிகம் தானம் செய்திருப்பார்கள். ஆகவே கல்லூரியில் ஆடிய எல்லோருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆடிய ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்பது அதே குழுவின் அடுத்த ஆய்வுகளில் தெளிவாகவே வந்திருக்கிறது. ஹெல்மெட் இதற்குத் தீர்வு அல்ல. அது மண்டையோட்டைக் காக்கும், உள்ளே மூளை அசைவதை நிறுத்தாது.

முட்டலைக் குறைப்பதுதான் உண்மையான வழி, அது முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. டார்ட்மத் கல்லூரியில் பட்டி டீவன்ஸ் என்ற கோச், 2010இல் பயிற்சியில் ஒருவரையொருவர் இழுத்துத் தள்ளும் டேக்கிளை முழுக்க நிறுத்தினார். பிள்ளைகள் தலையணை போன்ற பொம்மைகள் மேல் பழகினார்கள், பிறகு தானாக ஓடும் ரோபோ பொம்மையே வந்தது. அந்த அணி சோடை போகவில்லை. 2015, 2019, 2021 என்று தான் சேர்ந்த ஐவி லீக் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டங்களில் பங்கு பெற்றது. 2016இல் ஐவி லீக் முழுவதும் சீசன் பயிற்சியில் முழு டேக்கிளை நிறுத்தியது. அதே ஆண்டு கிக்காஃப் கோட்டை ஐந்து கெஜம் முன்னே நகர்த்தினார்கள். பந்து நேராக எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் போய்விட, இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடி மோதுவது குறைந்தது. ஆயிரம் கிக்காஃப்புக்கு ஏறத்தாழ 11 ஆக இருந்த கன்கஷன் 2 ஆக விழுந்தது. உங்கள் மகனை இறக்குவதே அந்தக் கிக்காஃப்பில்தான் என்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறேன். திரும்பிய பிறகு முதல் சில வாரம் தன்னை வேறு பிரிவில் பழக்கச் சொல்லி அவனே டிரெய்னர் வழியாகக் கேட்கலாம். கேட்பதால் இடம் போகாது.

ஆகவே விடுவதா தொடர்வதா என்று இந்த அக்டோபரில் முடிவு செய்ய வேண்டாம். இப்போது நீங்கள் விடு என்றால் அவன் விடாமல் பிடிப்பான். தலை தெளியாத நிலையில் அவனாலும் சரியாக யோசிக்க முடியாது. சீசன் முடிந்து, செமஸ்டர் மார்க் வந்து, அவன் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு நாலு நாள் தூங்கிய பிறகு மூவரும் உட்காருங்கள். மூளை முழுதாகத் தெளிந்ததா, அணி பயிற்சியில் எத்தனை நாள் முழு மோதல் வைக்கிறது, அடுத்த நான்கு ஆண்டு இந்த விளையாட்டிலிருந்து அவனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில்களை அவனே சொல்லட்டும். ஒன்றை மட்டும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்: இந்த ஆண்டுக்குள் இரண்டாவது கன்கஷன் வந்தால், அன்றே இந்த சீசன் முடிந்தது, அதற்கு விவாதம் கிடையாது. அப்பா வாயிலிருந்து அது வரட்டும்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டிலிருந்து முதல் டிவிஷன் கல்லூரிகள், ஆட்டத்தால் வந்த காயத்துக்கான மருத்துவச் செலவை, மாணவர் படிப்பை முடித்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டு ஏற்க வேண்டும். வாக்-ஆன் என்பதால் விலக்கு இல்லை. ஆனால் அடிபட்ட தேதி, அறிகுறிகள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் அணியின் பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் நாளை அதைக் கேட்க முடியும். "சரியாயிடுச்சு" என்று பதிவேட்டில் இருந்தால் பின்னால் யாரிடம் போய் நிற்பது? வெள்ளிக்கிழமைக்குள் அவன் டிரெய்னரிடம் போகட்டும். போன பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.